சிவப்புக்கு மூன்று சிவராத்திரி

பரணீதரன் படுத்தால் இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டார் என்பது கொண்டல் ஏர்வேஸில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அவரே பெருமையாகச் சொல்லிக்கொள்வார். ஒன்பதரைக்குத் தலையணையில் தலை வைத்தால் ஐந்தரைக்குத்தான் கண் திறக்குமாம். அப்பேர்ப்பட்ட மனிதர்தான் விமானிகள் எப்போது ஓய்வெடுக்கலாம் என்று சட்டம் எழுதினார். ஒன்றரை வருடமாகக் கேப்டன் ஜெசிந்தா பர்னாந்து அந்த ஆளைச் சபிக்காமல் ஒரு நாளும் பல் தேய்த்ததில்லை.

இப்போது இருவரும் மீனம்பாக்கத்தில் ஒரே மேஜையின் எதிரெதிர்ப் பக்கங்களில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் நிர்வாகத்தின் சார்பில், யாருக்கு எப்போது வேலை என்று பட்டியல் போடும் ரோஸ்டர் பிரிவின் தலைவராக. அவள் விமானிகளின் சார்பில். ஸ்டாண்ட்பை விதிகளைத் திருத்தச் சொல்லி விமானப் போக்குவரத்து ஆணையம் போட்ட குழு அது. ஆணையத்திலிருந்து வந்திருந்த அம்பலவாணனுக்கு ஓய்வு பெற எட்டு மாதம் பாக்கி. அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "நான் இந்தப் பிரிவுக்குப் புதுசு. சின்னப் பிள்ளைக்குச் சொல்ற மாதிரி சொல்லுங்க" என்றார்.

ஜெசிந்தா இடது கையை உயர்த்திக் காட்டினாள். மணிக்கட்டில் கறுப்பு ரப்பர் காப்பு. அதன் நடுவில் கடுகளவு பச்சை விளக்கு.

"இது எங்க எல்லாரு கையிலயும் இருக்கு சார். நாடி, வேர்வை, உடம்புச் சூடு, எல்லாத்தையும் பாத்து நாங்க எவ்வளவு தூங்கினோம், எவ்வளவு களைச்சிருக்கோம்னு சொல்லிரும். பச்சை, மஞ்சள், சிவப்பு. சிவப்பு எரிஞ்சா காக்பிட் கதவே திறக்காது."

"நல்ல விஷயம்தானே?"

"ரொம்ப நல்ல விஷயம். அதோட நிறுத்தியிருந்தா கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன்."

பரணீதரன் சிரித்தார். எதற்கும் கோபப்படாத ஆள். அதுவே ஒரு எரிச்சல். "பச்சையா இருக்கிற ஆளுக்கு ஓய்வு எதுக்கு சார்? காலண்டரப் பாத்து லீவு குடுக்கிறதெல்லாம் பழைய காலம். ஞாயித்துக்கிழமைன்னா எல்லாருக்கும் ஒண்ணாக் களைப்பு வந்துடுதா என்ன? உடம்பு கேட்டா லீவு. கேக்கலன்னா ஸ்டாண்ட்பை. வீட்லயே இருக்கலாம். கூப்பிட்டா ஒன்றரை மணி நேரத்துல ஏர்போர்ட்ல இருக்கணும், அவ்வளவுதான்."

"ஒழுங்காத் தூங்கினா?" என்று ஜெசிந்தா அவரைக் கேட்டாள்.

"பச்சை."

"பச்சையா இருந்தா?"

"ரோஸ்டர் போடுற கம்ப்யூட்டர் புரோகிராம் கூப்பிடும்."

அம்பலவாணனின் கை கண்ணாடியிலேயே நின்றுவிட்டது. "அப்ப லீவு வேணும்னா தூங்கக் கூடாதா?"

"அதுக்கு நாங்க ஒரு பேரு வச்சிருக்கோம் சார்" என்றாள் ஜெசிந்தா. "சிவராத்திரி."

விமானிகள் எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். ரஹ்மானும் சொன்னார், ஜெசிந்தாவும் சொன்னாள், டில்லிக்கார சோப்ராகூடச் சொன்னார். மூன்று நாள் கண் அசராமல் இருந்தால் நாலாம் நாள் காலையில் காப்பு சிவப்பாகும். ஒரு நாள் லீவு கிடைக்கும். தங்கைக்குக் கல்யாணம், அம்மாவுக்கு ஆபரேஷன் என்று எது வந்தாலும் இதுதான் வழி. வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், 'வெள்ளி முதல் சிவராத்திரி, உதவி தேவை' என்று போடுவார். மற்றவர்கள் முறை வைத்துக்கொண்டு மணிக்கொரு தடவை கூப்பிட்டு அவரை விழித்திருக்கச் செய்வார்கள். உப்புப் போட்ட எலுமிச்சை சாறு, பச்சை மிளகாய், நின்றபடியே டிவி என்று ஆளுக்கொரு வைத்தியம். இவ்வளவு பாடுபட்டு வாங்கிய லீவு நாளில் தாலி கட்டும்போது மாப்பிள்ளையே சாமியாடுவது போல ஆடிக்கொண்டிருப்பான். அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். சிரிப்புத்தான் வந்தது, ஸ்டீபன் சாகும் வரையில்.

ஸ்டீபன் ஜெசிந்தாவின் கணவன். அதே கொண்டல் ஏர்வேஸில் துணை விமானி. மகள் ஜெனோவாவுக்குத் தூத்துக்குடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை புதுநன்மை. பிள்ளை முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். அதற்காக அவள் முன்கூட்டியே அங்கே சித்தி வீட்டுக்குப் போய், வெள்ளை கவுன் தைக்கக் கொடுத்து, மெழுகுவர்த்திக்கு லேஸ் சுற்றி, தினமும் வீடியோவில் காட்டிக்கொண்டிருந்தாள். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் அந்த வாரம் ஸ்டாண்ட்பை.

"ஏட்டி, நீ தூங்கு" என்றான் ஸ்டீபன். "நீ கேப்டன். நீ சிவராத்திரி இருந்து சிவப்பு வரலன்னு வையி, மஞ்சளோட கூப்பிட்டுருவான். பின்னால நூத்தி எம்பது பேரு இருப்பாவ. நான் முழிச்சுக்கிடுதேன். பிள்ள பக்கத்துல ஒருத்தராவது நிக்கணும்லா?"

அவள் தூங்கினாள். பச்சை வந்தது, கவுகாத்திக்கு அனுப்பினார்கள். அவன் தூங்கவில்லை. சிவப்பு வந்தது, லீவு கொடுத்தார்கள். சனிக்கிழமை மத்தியானம் காரை எடுத்தான். அச்சிறுப்பாக்கத்தைத் தாண்டவில்லை. நின்றுகொண்டிருந்த லாரிக்குப் பின்னால் பிரேக் போட்ட தடமே இல்லாமல் போய்ச் செருகியிருந்தது கார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடியும் வரை ஜெனோவாவிடம் யாரும் சொல்லவில்லை. நன்மை வாங்கிவிட்டு மெழுகுவர்த்தியோடு வாசலையே பார்த்துக்கொண்டு நின்றதாம் பிள்ளை.

மூன்று வாரம் கழித்து ஸ்டீபனின் பணிப்பதிவில் ஒரு வரி ஏறியது. 'விடுமுறை பெறும் பொருட்டு வேண்டுமென்றே உறக்கம் தவிர்த்தார். நடத்தைக் குற்றம்.' காப்பு அனுப்பிய மூன்று நாள் கோட்டுப்படத்தைப் பார்த்து புரோகிராமே எழுதிய வரி. கீழே மனிதக் கையெழுத்து ஒன்று வேண்டுமே. பரணீதரன் போட்டிருந்தார்.

அம்மாவின் டேப்லெட்டில் எதையோ தேடப்போய் அந்த வரியை ஜெனோவா படித்துவிட்டாள். "அப்பா என்னம்மா தப்பு பண்ணினாங்க?" என்று கேட்டாள். பதினொரு வயது. ஜெசிந்தா அன்றைக்குத்தான் சங்கத்துக்குப் போய், குழுவில் விமானிகள் சார்பாக உட்கார என்னைப் போடுங்கள் என்று கேட்டாள். அந்த வரி அழிய வேண்டும். ஆனால் அது இரண்டாவது. முதலில், அதே வரி அந்த ஆளின் பெயருக்குக் கீழே ஏற வேண்டும். நியாயம் கேட்கப் போகிறாள் என்று சங்கத்தில் நினைத்தார்கள். நியாயமாவது ஒன்றாவது. அவளுக்குப் பழி வேண்டியிருந்தது.

குழுவில் அவள் முதலில் கேட்டது மாதம் பத்து நாள் காலண்டர் லீவு. முன்கூட்டியே தேதி குறித்து, அந்த நாளில் போனே வரக்கூடாது. பரணீதரன் முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார். ஆறு கூட்டம் இப்படியே போனது. ஏழாவது கூட்டத்தில் அவள் இறங்கி வந்தாள்.

"சரி சார், பத்து நாள் வேண்டாம். பச்சை விதி அப்படியே இருக்கட்டும். ரெண்டே ரெண்டு சின்ன விஷயம் சேர்த்துக்கிடுங்க."

"சொல்லுங்க கேப்டன்."

"சிவப்புல தூங்குற ஆள கம்பெனியச் சேர்ந்த யாரும், என்ன காரணத்துக்காகவும் எழுப்பக் கூடாது."

"தாராளமா. அது மனிதாபிமானம். இன்னொண்ணு?"

"ரோஸ்டர்ல கை வைக்கிற அதிகாரம் உள்ளவங்க எல்லாரும் இதே காப்பு போட்டுக்கணும். அவங்களுக்கும் இதே விதி, இதே ஸ்டாண்ட்பை. மழை, மூடுபனின்னு ஏதாவது குழப்பம் வந்தா, யாரு நல்ல பச்சையோ அவங்கள கட்டுப்பாட்டு அறைக்குக் கூப்பிடணும்."

பரணீதரன் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. தன் கண்டுபிடிப்பின் மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. "எனக்கென்ன பயம்? முதல் ஆளா நானே போட்டுக்கறேன். என் காப்பு எப்பவும் பச்சையாத்தான் இருக்கும், பாருங்க" என்றார்.

"தெரியும் சார்" என்றாள் ஜெசிந்தா.

அம்பலவாணனுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. எட்டு மாதத்துக்குள் ஒரு கோப்பு முடிந்தது. சங்கத்தில் ஜெசிந்தாவை வாங்கு வாங்கென்று வாங்கினார்கள். பத்து நாளை விட்டுக்கொடுத்து ரப்பர் காப்பு வாங்கி வந்தவள் என்று முகத்துக்கு நேராகவே சொன்னார்கள்.

ரோஸ்டரில் கை வைக்கும் அதிகாரிகள் மொத்தம் பதினொரு பேர். ஒருவருக்குக் கைக்குழந்தை, ஒருவருக்குச் சர்க்கரை, ஒருவர் விடிய விடியக் கிரிக்கெட் பார்ப்பவர். எல்லாரும் மஞ்சளுக்குப் பக்கத்திலேயே தள்ளாடிக்கொண்டிருந்தார்கள். பரணீதரன் ஒருவர்தான் வாழைக்குருத்து மாதிரி பச்சை. புரோகிராமுக்குத் தயவு தாட்சண்யம் தெரியாது. மங்களூரில் மழையா, கூப்பிடு பரணீதரனை. டில்லியில் மூடுபனியா, கூப்பிடு பரணீதரனை. தீபாவளியன்று தலையில் எண்ணெயோடு வந்து உட்கார்ந்தார். அப்பாவின் திதியன்று ஐயர் வீட்டில் காத்திருக்க, இவர் இங்கே ராஞ்சி விமானத்துக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார். நன்றாகத் தூங்கிய குற்றத்துக்கு ஆறு மாதத்தில் ஒரு பண்டிகை பாக்கியில்லாமல் பறிபோனது. குழு உறுப்பினர் என்ற முறையில் எல்லார் காப்பின் கோட்டுப்படமும் ஜெசிந்தாவின் திரையில் வரும். மற்றவர்கள் காலையில் பேப்பர் படிப்பது போல அவள் அவருடைய படத்தைப் பார்த்தாள். இனித்தது. பொய் சொல்வானேன்.

தை மாதம் ஒரு நாள் லிஃப்டில் இருவரும் தனியாக மாட்டிக்கொண்டார்கள். பரணீதரன் கையில் மஞ்சள் தடவிய பத்திரிகைக் கட்டு.

"பொண்ணுக்கு நிச்சயதார்த்தம் கேப்டன். மிருதுளாவுக்கு. காஞ்சிபுரத்துல, வர்ற வெள்ளிக்கிழமை. நாலரைலேர்ந்து ஆறு நல்ல நேரம்." சொல்லிவிட்டுக் காப்பைப் பார்த்தார். "பொண்ணோட அப்பன் தட்டு மாத்தணும். இந்தச் சனியன் பச்சையா இருந்தா அன்னிக்கும் கூப்பிடுமே. லீவுக்கு எழுதிக் குடுக்கலாம்னா ஃபாரமே இல்ல."

"நீங்கதானே சார் அந்த ஃபாரத்த எடுத்தீங்க."

அவர் முகம் கறுத்துப்போயிருந்தது. லிஃப்ட் நின்றது. இறங்கும்போது அவள் போகிற போக்கில் சொல்வது போலச் சொன்னாள்: "மூணு சிவராத்திரி இருந்தாப் போதும் சார். நாங்கல்லாம் அப்படித்தான்."

அதைச் சொல்லத்தான் இத்தனை நாள் காத்திருந்தாள். அன்றைக்கு வீட்டுக்குப் போய் ஜெனோவாவுக்கு நண்டுக் குழம்பு வைத்துக் கொடுத்தாள்.

செவ்வாய் இரவிலிருந்து அவருடைய கோடு உறங்கவில்லை. புதன் முழுக்க நெட்டுக்குத்தாக நின்றது. வியாழன் அங்கங்கே நடுங்கியது. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒன்றே காலுக்கு விளக்கு சிவப்பாயிற்று. 'விடுமுறை' என்று திரையில் எழுத்து வந்தது. அதன் கீழே, அவள் எதிர்பார்த்தபடியே, புரோகிராம் மூன்று நாள் படத்தைப் பார்த்து எழுதத் தொடங்கியது: 'விடுமுறை பெறும் பொருட்டு வேண்டுமென்றே உறக்கம் தவிர்த்தார். நடத்தைக் குற்றம்.' பெயர்: பரணீதரன்.

ஜெசிந்தா ஸ்டீபனின் பழைய படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். கோடு கோடாக ஒத்துப்போனது. மூன்றாம் நாள் அதிகாலையில் ஸ்டீபனின் கோடு விழுந்து விழுந்து எழுந்த அதே இடத்தில் இதுவும் விழுந்து எழுந்திருந்தது. ஸ்டீபனின் கோடு அதற்கப்புறம் எங்கே முடிந்தது என்பதையும் பார்த்தாள்.

சன்னல் வழியே கீழே கார் நிறுத்துமிடம் தெரிந்தது. பட்டு வேட்டி கட்டிக்கொண்டு பரணீதரன் தன் காரைத் தேடிக்கொண்டிருந்தார். வேறு யாருடைய காரையோ திறக்கப் பார்த்தார். அப்புறம் அடுத்த வரிசைக்குப் போனார்.

போகட்டும். முதலில் வந்த நினைப்பு அதுதான். போகட்டும், தாராளமாகப் போகட்டும். காஞ்சிபுரம் சாலையிலும் லாரிகள் நிற்கும். நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, இந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் போதும். ஐந்தாறு மூச்சு விடும் நேரம் அவள் அப்படியேதான் உட்கார்ந்திருந்தாள். மிருதுளா என்கிற பெண்ணை அவள் பார்த்ததில்லை. ஆனால் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கும் பெண் எப்படி இருப்பாள் என்று அவளுக்குத் தெரியும். சனியனே என்று தன்னையே திட்டிக்கொண்டு படியில் இறங்கி ஓடினாள்.

"சார்!"

அவர் திரும்பினார். கண் இரண்டும் மிளகாய்ப் பழம். "கேப்டன், வந்துடுச்சு பாருங்க, சிவப்பு" என்று காப்பைக் காட்டினார். பரீட்சையில் பாஸான பையனின் சிரிப்பு.

"பாத்தேன் சார். ஒரு காபி குடிச்சிட்டுப் போங்க. நேரம் இருக்கு."

"இருக்குல்ல? நாலரைக்குத்தானே."

விமானிகளின் ஓய்வறை தரைத்தளத்தில்தான் இருந்தது. சாய்வு நாற்காலி, இருட்டுத் திரை, சத்தமில்லாத ஏசி. காபி கோப்பை கைக்கு வரும் முன்பே அவர் தலை சாய்ந்துவிட்டது. ஒரு கணம் திடுக்கிட்டு எழுந்தார். "பத்து நிமிஷம் கேப்டன். பத்து நிமிஷத்துல எழுப்பிடுங்க." அவள் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கார் சாவி விரலிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. அவள் அதை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

மணி ஒன்று நாற்பது.

ஒரு டாக்ஸி கூப்பிட்டிருக்கலாம். கைத்தாங்கலாகப் பின்சீட்டில் படுக்க வைத்திருந்தால் தூங்கிக்கொண்டே காஞ்சிபுரம் போயிருப்பார். நாலு மணிக்கு முகம் கழுவிக்கொண்டு தட்டு மாற்றியிருப்பார். இது அவளுக்குத் தெரியாமல் இல்லை. கைபேசியில் டாக்ஸி செயலியைத் திறந்தாள். இரண்டு நிமிடத்தில் வரும் என்று காட்டியது. மூடி வைத்தாள். அவர் உயிரை எடுத்துக்கொள்ள மனம் வரவில்லை. அந்த நாளை எடுத்துக்கொள்ள வந்தது. அந்த நாற்காலிக்கு எதிரே இன்னொரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு காவலிருந்தாள்.

மூன்று மணிக்கு அவர் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. மூன்றே காலுக்கு மறுபடி. நாலுக்கு, நாலு பத்துக்கு, நாலு இருபதுக்கு. நாலரைக்கு மேல் நிற்கவே இல்லை. அவர் அசையவில்லை. விமானிகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. லீவு நாளில் அடிக்கிற போனைக் கையால்கூடத் தொடமாட்டார்கள். தொட்டால் எடுத்ததாகி, எடுத்தால் வர ஒப்புக்கொண்டதாகிவிடும். பதினாறு வருடப் பழக்கம் ஜெசிந்தாவுக்கு. அப்படியிருந்தும் ஐந்து மணிக்கு அவள் அந்தத் தப்பைச் செய்தாள். சட்டைப்பையிலிருந்து போனை உருவினாள். திரையில் நெற்றிச்சுட்டி வைத்த ஒரு பெண்ணின் படம். எடுத்துவிட்டாள்.

"அப்பா!" என்றது குரல். பின்னால் நாதஸ்வரம்.

"அப்பா இல்லம்மா. நான் ஆபீஸ்ல, கேப்டன் ஜெசிந்தா."

"ஆன்ட்டி... அப்பாவுக்கு... அப்பா காரை எடுத்துட்டாரா?"

"இல்ல. இங்கதான் தூங்கிட்டு இருக்கார்."

"தூங்கறாரா? சும்மா தூங்கறார்தானே?"

"குறட்டை கேக்குது பாரு" என்று ஜெசிந்தா போனை அவர் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

மறுபடி காதில் வைத்தபோது அந்தப் பெண் அழுதுகொண்டிருந்தாள். "மூணு நாளா தூங்கல ஆன்ட்டி அவரு. காரை ஓட்டாதீங்கன்னு காலைலேர்ந்து கெஞ்சிட்டிருக்கேன். அவங்க ஆபீஸ்ல ஒரு பைலட்டு இப்படித்தான் போயிட்டாராமே. எனக்கு அதே நெனப்பு. மணி அஞ்சாச்சு, போனும் எடுக்கல, போயிட்டார்னே முடிவு பண்ணிட்டேன்." மூக்கை உறிஞ்சினாள். "சித்தப்பா தட்டு மாத்திட்டார். பரவால்ல. எழுப்பாதீங்க ஆன்ட்டி, தூங்கட்டும். நீங்க மட்டும் இல்லன்னா... ரொம்ப தேங்க்ஸ் ஆன்ட்டி."

ஜெசிந்தா போனை வைத்தாள். எதை வேண்டுமானாலும் தாங்கியிருப்பாள். திட்டியிருந்தால் இனித்திருக்கும். அந்த நன்றியைத்தான் தாங்க முடியவில்லை. அவள் கெடுதல் செய்ய உட்கார்ந்திருந்தாள். அதைப் போய் உபகாரம் என்று சொல்லிவிட்டதே அந்தப் பெண். ஆத்திரத்தில் அழுகை வந்தது. தூங்குகிற ஆளைப் பார்த்துக்கொண்டே அழுது முடித்து, போனை இருந்த இடத்தில் வைத்தாள். மேலே போய்ச் சில தாள்களை அச்செடுத்துக்கொண்டு வந்து மறுபடி எதிரே உட்கார்ந்தாள்.

ஏழரைக்குக் காப்பு மஞ்சளாகி, கொஞ்ச நேரத்தில் பச்சையாயிற்று. பச்சையான அடுத்த நொடி அது அலறியது. 'கொல்கத்தாவில் மழை. கட்டுப்பாட்டு அறைக்கு வரவும். ஒன்றரை மணி நேரம்.'

பரணீதரன் எழுந்து உட்கார்ந்தார். சன்னல் திரையின் ஓரத்தில் இருட்டு தெரிந்தது. அவர் இருட்டைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், மடிப்புக் கலைந்த பட்டு வேட்டியைப் பார்த்தார்.

"கேப்டன்..." என்றார். "ஏன் எழுப்பல?"

"சிவப்புல தூங்குற ஆள யாரும் எழுப்பக் கூடாது சார். என்ன காரணத்துக்காகவும். நீங்க கையெழுத்துப் போட்ட விதிதான்."

அவர் அவளையே பார்த்தார். அப்போதுதான் அவருக்கு முழுசாக விளங்கியது. லிஃப்டும் விளங்கியது, ஏழாவது கூட்டமும் விளங்கியது. இதற்காவது கோபப்படுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். படவில்லை. போனை எடுத்துத் தவறிய அழைப்புகளைப் பார்த்தார். மகளைக் கூப்பிடக் கட்டைவிரல் போனது, திரும்பி வந்தது. "எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பேசுவேன்? நேர்ல போய்த்தான் கால்ல விழணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ஜெசிந்தா இரண்டு தாள்களை அவர் முன்னால் வைத்தாள். ஒன்றில் ஸ்டீபன் பர்னாந்து, ஒன்றில் பரணீதரன். ஒரே கோடு, ஒரே வரி.

"இது என் ரெக்கார்டுல ஏறியிருக்கா?"

"ஏறியிருக்கு."

"நான் ஒண்ணும் வேணும்னு... பொண்ணோட நிச்சயம் கேப்டன்!"

"அவிய பொண்ணுக்குப் புதுநன்மை சார்."

பரணீதரன் ஸ்டீபனின் தாளைக் கையில் எடுத்தார். காப்பு மறுபடி அலறியது. "எனக்குத் தெரியும்" என்றார் கடைசியில். "ஸ்டீபன் படத்தப் பாத்தப்பவே தெரியும். தப்பு அவன் மேல இல்லன்னு தெரியும். அத ஒத்துக்கிட்டா விதியே தப்புன்னு ஆயிடும். அதான் போட்டேன் கையெழுத்து."

அவரை அறைய வேண்டும் போல இருந்தது. கை மேஜையின் மேலேயே இருந்தது. "ரெண்டு வரியையும் அழிங்க. இல்ல, ரெண்டையும் விட்டுருங்க" என்றாள்.

"ரெண்டும் போகணும்னா பச்சை விதியே போகணும். வேணும்னே தவிர்த்தார்ங்கிற வரி அதுலதான் இருக்கு."

"போகட்டும். பேப்பர் கொண்டு வந்திருக்கேன்."

மூன்றாவது தாளை வைத்தாள். ஆணையத்துக்கு எழுதிய கடிதம். பச்சை விதியை எழுதியவரே திரும்பப் பெறுகிறார். மாதம் பத்து நாள் விடுமுறை, தேதி முன்கூட்டியே, அந்த நாளில் அழைப்பு இல்லை. பழைய நடத்தைக் குற்றங்கள் அனைத்தும் நீக்கம். அவர் ஒரு வரி விடாமல் படித்தார். முதல் முறையாக ஒரு விதியை முழுசாகப் படிக்கிறவர் போல இருந்தது. கையெழுத்துப் போட்டார். பிறகு, அலறிக்கொண்டிருந்த காப்பில் 'மறுப்பு' என்ற பொத்தானை அழுத்தினார். அழுத்தினால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும் என்பதால் எந்த விமானியும் தொடாத பொத்தான். வைத்தவரே முதல் ஆளாகத் தொட்டார்.

"என் கார் சாவி..."

"நாளைக்கு வாங்கிக்கிடுங்க. டாக்ஸி வாசல்ல நிக்குது." இந்த முறை செயலியை மூடவில்லை.

வாசல் வரை கூடவே நடந்தாள். பின்சீட்டில் ஏறி உட்கார்ந்ததும் அவர் சன்னலை இறக்கினார். "மிருதுளா என்னை மன்னிப்பாளா கேப்டன்?" என்று கேட்டார். அவளைத்தான் கேட்டாரா, யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை.

எழுப்பாதீங்க ஆன்ட்டி, தூங்கட்டும். ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த மனிதர் அங்கேயே குழந்தை மாதிரி அழுதுவிட்டு, சாய்ந்து படுத்து, காஞ்சிபுரம் வரை நிம்மதியாகத் தூங்குவார். வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது.

"தெரியல சார்" என்றாள் ஜெசிந்தா.

டாக்ஸி நகர்ந்தது. பையிலிருந்து போனை எடுத்து ஜெனோவாவைக் கூப்பிட்டு, அப்பா பேரிலிருந்து அந்த வரி போகப்போகிறது என்று சொன்னாள். பிள்ளை, அப்பா தப்பு பண்ணவில்லைதானே என்று இன்னொரு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டாள். காரின் சிவப்பு விளக்கு சாலைத் திருப்பத்தில் மறைந்தது.

காஞ்சிபுரம் அறுபது கிலோமீட்டர். மகள் சொன்னதை அவர் அங்கே போய்த் தெரிந்துகொள்ளட்டும். அதுவரை அந்த மனிதர் கண்ணை மூட மாட்டார். அது போதும் அவளுக்கு.